அர்ஜென்ட் கேர் நிலையங்களில் எக்ஸ்ரே

அர்ஜென்ட் கேர் என்பது, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் குடும்ப வைத்தியரின் சிகிச்சை அறைக்கும் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கும் இடைப்பட்டதாக 1970-களில் தோன்றி, முன்னதாக நேரம் குறித்துக்கொள்ளாமல் வருவோரையும் ஏற்கும் வெளிநோயாளர் மருத்துவ நிலையம் ஆகும். உயிருக்கு அபாயமில்லாத, ஆயினும் நாள்கணக்கில் ஒத்திவைக்க இயலாத உபாதைகளுக்காக ஏற்பட்ட இந்நிலையங்கள் பலவற்றில் எக்ஸ்ரே சாதனம் உண்டு. கையிலோ காலிலோ அடிபட்டவருக்கு எலும்பு முறிந்ததா, சுளுக்குதானா என நிர்ணயிப்பதும், இருமலும் ஜுரமுமாய் வருபவருக்கு நிமோனியா கண்டிருக்கிறதா எனப் பார்ப்பதும் அதன் முக்கியப் பிரயோஜனங்கள். எலும்பு தோலைக் கிழித்து வெளிப்பட்டாலும், அடிபட்ட அங்கம் உணர்விழந்து குளிர்ந்தாலும், தலையில் அடிபட்டுப் பிரக்ஞை தவறினாலும், நோயாளி செல்ல வேண்டிய இடம் அவசரப் பிரிவே.

1895 நவம்பர் 8-ல் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் இயற்பியலாளர் ரான்ட்ஜன் கண்ட எக்ஸ்ரே கிரணங்களைக் கால்சியம் செறிந்த எலும்பு மிகுதியாக உட்கிரகிக்க, சதை பெரும்பாலும் ஊடுருவ விடுவதால், படத்தில் எலும்பு வெண்மையாகப் பிரிந்து தெரிகிறது. எனினும், அடிபட்ட ஒவ்வொருவருக்கும் படம் வேண்டுவதில்லை. கனடாவின் ஆட்டவா நகரில் இயன் ஸ்டீல் என்னும் மருத்துவரும் அவர் குழுவினரும் 1992-ல் வெளியிட்ட விதிகளின்படி, கணுக்கால் பகுதியில் வலியுள்ள ஒருவருக்கு, உட்கணு, வெளிக்கணு எலும்புகளில் ஒன்றின் நுனியையோ, பின்விளிம்பின் கீழ் 6 செ.மீ. பகுதியையோ அழுத்தும்போது நோவு கண்டாலோ, அடிபட்டவுடனும் பரிசோதனையின்போதும் நான்கு அடி எடுத்துவைக்க இயலாமற்போனாலோ மட்டுமே கணுக்கால் படம் அவசியமாகும். இக்குறிகள் இல்லாதவரிடம் பொருட்படுத்தத்தக்க முறிவு காணப்படுவது மிக அரிது.

மருத்துவரோ, நோயாளியைப் பரிசோதிக்க உரிமம் பெற்ற பிசிஷியன் அசிஸ்டென்ட், நர்ஸ் பிராக்டிஷனர் ஆகியோரில் ஒருவரோ பரிசோதித்து உத்தரவிட்டபின், எக்ஸ்ரே டெக்னாலஜிஸ்ட் நகைகளைக் கழற்றச் சொல்லி, பெண்களிடம் கர்ப்பம் உண்டா என விசாரித்துப் படமெடுப்பார். ஒரு திசையில் மட்டும் எடுத்தால் முறிந்த பகுதிகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து முறிவு மறையக்கூடுமாதலால், ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு கோணங்களிலேனும் எடுப்பது முறை. கணுக்காலுக்கு மூன்று கோணங்கள் வழக்கம். மார்புப் படத்தில் இருதயம் உள்ளதைவிடப் பெரிதாகத் தோன்றாதிருக்க, மூச்சை இழுத்து அடக்கி நிற்பவரின் முதுகுப்புறம், சுமார் 6 அடி தூரத்திலிருந்து கிரணங்கள் செலுத்தப்படும்.

டிஜிட்டல் முறையில் சில நிமிஷங்களில் கிடைக்கும் படத்தை முதலில் பார்ப்பவர் அதற்கு உத்தரவிட்டவரே. பல நிலையங்களில், வேறிடத்திலிருக்கும் கதிரியல் நிபுணர் ஒருவர் அதனைப் பின்னர் மறுபடியும் ஆராய்கிறார். அவர் அபிப்பிராயம் வேறுபட்டால் நோயாளிக்குத் தொலைபேசியில் தகவல் தரப்படும்.

மார்புப் படத்தினால் உடலில் சேரும் கதிர்வீச்சு சுமார் 0.1 மில்லிசீவர்ட், இது இயற்கையிலேயே பத்து நாட்களில் நாம் பெறும் அளவு. கை கால் படங்களுக்கு அது 0.001 மில்லிசீவர்ட் அளவே. நெடுநாள் வழக்கிலிருந்த, இனவிருத்தி உறுப்புகளின்மேல் ஈயக் கவசம் இடும் முறையை வழக்கமாகக் கையாள வேண்டியதில்லை என அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2019-ல் அறிவித்தது.

தசைநார், குருத்தெலும்பு ஆகியவற்றின் சேதம் எக்ஸ்ரேயில் நேராகப் புலப்படாது. மெல்லிய முறிவுகளும் முதல் படத்தில் தப்பிவிடக்கூடும். கையூன்றி விழுந்தவருக்குக் கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டிலுள்ள ஸ்கபாய்டு என்னும் சிற்றெலும்பின்மேல் அழுத்தினால் நோவு இருக்குமாயின், படம் குற்றமற்றதாய்த் தோன்றினும், முறிவு உள்ளதாகவே பாவித்துக் கட்டைவிரலையும் சேர்த்துப் பட்டை கட்டி, 10 முதல் 14 நாட்களுக்குப்பின் மீண்டும் பரிசோதிப்பது இதனாலேயே. அவ்வெலும்பிற்கு இரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்து முனையிலிருந்தே பாய்வதால், கவனிக்கப்படாத முறிவு கூடாமற்போவதும், மறுமுனை இரத்தமின்றி நசிப்பதும் நேரக்கூடும்.