ஐந்து பெயர், ஒரே புரதம்: இன்டர்லூக்கின்-6

கோவிட் காலத்தில் சிஆர்பி டெஸ்ட் எடுக்காத வீடு குறைவு. அந்த சிஆர்பியைச் செய்வது கல்லீரல். செய்யச் சொல்லி அதைத் தூண்டுவது முக்கியமாக இன்டர்லூக்கின்-6 என்கிற சைட்டோகைன், அதாவது ஒரு செல் சுரந்து இன்னொரு செல்லுக்குச் சேதி சொல்லும் சின்னப் புரதம். இதன் வரலாற்றைத் துருவினால் ஒரு வேடிக்கை. இதைப் பிடித்தவர்கள் ஆளுக்கொரு பெயர் வைத்திருந்தார்கள்.

ஜப்பானில், ஒசாகாவில் கிஷிமோட்டோவும் ஹிரானோவும் பி செல்களை ஆன்டிபாடி சுரக்க வைப்பது எது என்று தேடி, 1986-ல் அதன் மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். அவர்கள் வைத்த பெயர் 'பி செல் தூண்டு காரணி-2'. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் இதையே ஒருவகை இன்டர்ஃபெரான் என்று நினைத்து 'பீட்டா-2' என்றார்கள். பெல்ஜியத்தில் ஒரு குழுவுக்கு இது ஹைப்ரிடோமா செல்களை வளர்க்கும் காரணி, இன்னொரு குழுவுக்கு வெறும் '26 கிலோடால்டன் புரதம்'. கல்லீரல் செல்லைப் பார்த்தவர்களுக்கு இது கல்லீரல் தூண்டி; அதுவும் இதுவும் ஒன்றே என்று கனடாவில் கால்டி குழு 1987-ல் காட்டியது. எங்கள் வேலையில் ஒரே பிழைக்கு ஐந்து பேர் ஐந்து டிக்கெட் போடுவார்களே, அந்த மாதிரிதான். யாரும் தப்பாகப் பார்க்கவில்லை. ஒவ்வொருவரும் பார்த்த செல்தான் வேறு.

சரி, ஒரே புரதம் எப்படி இத்தனை வேலை பார்க்கிறது? 1988-ல் ஒசாகா குழு இதன் ஏற்பியைக் கண்டுபிடித்தது. ஆனால் அந்த ஏற்பியால் தனியாக செல்லுக்குள் சேதி அனுப்ப முடியவில்லை. புரதம் முதலில் ஏற்பியில் ஒட்ட வேண்டும், பிறகு அந்த ஜோடி ஜிபி130 என்ற இரண்டாவது புரதத்தைப் பிடிக்க வேண்டும். உள்ளே சேதி போவது ஜிபி130 வழியாகத்தான். அங்கே ஸ்டாட்-3 கிளம்பி மரபணுக்களை இயக்கும். எந்த மரபணு இயங்கும் என்பது அந்தச் செல் எது என்பதைப் பொறுத்தது. கல்லீரல் சிஆர்பி செய்யும், பி செல் ஆன்டிபாடி சுரக்கும்.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதற்கு அடுத்தது. ஜிபி130 அநேகமாக எல்லா செல்லிலும் உண்டு. ஏற்பியோ கல்லீரலிலும் சில வெள்ளணுக்களிலும்தான் அதிகம். ஆனால் ஏற்பியின் ஒரு பகுதி கழன்று ரத்தத்திலும் மிதக்கிறது! மிதக்கும் ஏற்பியோடு இன்டர்லூக்கின்-6 சேர்ந்து வந்தால், சொந்த ஏற்பி இல்லாத செல்லும் பதில் சொல்லும். நாள்பட்ட அழற்சியில் இந்தப் பின்வாசலுக்குப் பெரிய பங்கு உண்டு என்று ஜெர்மனியின் ரோஸ்-ஜான் போன்றவர்கள் காட்டினார்கள்.

டோசிலிசுமாப் மருந்து ஏற்பியை அடைப்பது. செல்லில் இருப்பதையும் அடைக்கும், மிதப்பதையும் அடைக்கும். ஜப்பானில் 2005-ல் காசில்மேன் நோய்க்கும், 2008-ல் முடக்குவாதத்துக்கும் அனுமதி கிடைத்தது. 2012-ல் பிலடெல்பியாவில், கார்-டி சிகிச்சைக்குப் பிறகு சைட்டோகைன் புயலில் சிக்கிய ஒரு சிறுமியைக் காப்பாற்றியதும் இதுதான். பிரிட்டனின் ரெகவரி ஆய்வில், ஆக்சிஜன் குறைந்து சிஆர்பி ஏறியிருந்த கோவிட் நோயாளிகளில் 28 நாள் இறப்பு 35 சதவீதத்திலிருந்து 31 ஆகக் குறைந்தது.

ஒரு சிக்கல் மட்டும் உண்டு. இந்த மருந்தில் இருப்பவருக்குக் கிருமித் தொற்று வந்தாலும் கல்லீரலுக்குச் சேதி போகாது. சிஆர்பி ஏறாமல் ரிப்போர்ட் நார்மலாகவே வரலாம். அதனால், வேறு எதற்காக டாக்டரிடம் போனாலும் இந்த மருந்து போட்டிருப்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.