கொழுக்கட்டை சொல்லும் வரலாறு

வரலாறு என்றதும் அரசர்களும் போர்களும் கோட்டைகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. நம் வீட்டு அடுப்பங்கரைக்கும் ஒரு வரலாறு உண்டு. இன்று நாம் கொழுக்கட்டையின் வரலாற்றைப் பார்ப்போம்.

கொழுக்கட்டை மிகப் பழைய பண்டம். சங்க நூல்களுள் ஒன்றான மதுரைக்காஞ்சியை மாங்குடி மருதனார் பாண்டியன் நெடுஞ்செழியன் மீது பாடினார். மதுரை நகரில் இரவு கடைகள் அடங்கும் வேளையில், அடையும் மோதகமும் விற்றவர்கள் இருந்த இடத்திலேயே தூங்கி வழிவதை அந்நூலில் காண்கிறோம். மோதகத்துக்குள் பூரணம் வைத்துப் பிடித்திருந்ததையும் புலவர் சொல்லத் தவறவில்லை. பிற்காலத்தில் உரை எழுதிய நச்சினார்க்கினியர், அந்தப் பூரணம் பருப்பும் தேங்காயும் என்று விளக்கினார். இன்றும் நாம் உள்ளே வைப்பது அவற்றைத்தானே!

நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்கில் வந்து இறங்கிய நம் முன்னோரால் மூட்டை முடிச்சில் அதிகம் கொண்டுவர இயலவில்லை. கைப்பழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். அரிசியை ஊறவைத்து, வடித்து, உரலில் இடித்து, சலித்து, கொதிநீர் ஊற்றிப் பிசையும் பக்குவம் எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை. அது தாயின் கையிலிருந்து மகளின் கைக்கு வந்தது. தேங்காய்க்கு இங்கே பஞ்சமில்லை. வெல்லம் கிடைக்காதபோது சீனியோ, குலா மலாக்கா எனும் தென்னை வெல்லமோ அதன் இடத்தைப் பிடித்தது.

பிள்ளையார் சதுர்த்தியன்று லயத்து வீடுகளில் நடப்பதை நாம் அறிவோம். வெட்டுக்காட்டிலிருந்து திரும்பிய பெண்கள் குளித்து முழுகி மாவுச் சட்டியைச் சுற்றி அமர்வார்கள். பாட்டி செப்புப் போல மாவைக் குழித்துக் கொடுக்க, அம்மா பூரணம் வைத்து மூடுவார். பிள்ளைகளுக்குப் பிடி கொழுக்கட்டை. ஐந்து விரலும் பதியும்படி ஓர் அமுக்கு அமுக்கினால் போதும். வெந்து வந்ததும், "இது என் கை, அது உன் கை" என்று தடத்தைப் பார்த்துப் பங்கு கேட்பார்கள். சூடு ஆறும்வரை யாருக்குப் பொறுமை இருக்கிறது? வாயில் வெல்லப்பாகு சுட்டாலும் இன்னொன்றுக்குக் கை நீளும்.

இந்த மகிழ்ச்சிக்கும் ஒரு சோதனை வந்தது. அக்காலத்தில் மலாயாவுக்கு வேண்டிய அரிசியில் பெரும்பகுதி பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்தது. 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1945 வரை நீடித்த அந்த ஆட்சியில் அரிசி வரத்து குன்றியது. தோட்ட மக்கள் மரவள்ளிக் கிழங்கை நட்டு, அதை அவித்தும் மாவாக்கியும் பசியாற்றினார்கள். ஆயிரக்கணக்கான ஆண்கள் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பலர் திரும்பவே இல்லை. சோற்றுக்கே அரிசி இல்லாத நாளில் பலகாரத்துக்கு ஏது அரிசி? ஆயினும் பக்குவம் மறைந்துவிடவில்லை. போர் முடிந்து அரிசி வந்தபோது மாவு பிசையக் கைகள் இருந்தன.

நம் அண்டை வீட்டாரையும் பாருங்கள். மலாய்க்காரர்கள் புளுட்டரிசி மாவுக்குள் குலா மலாக்காவை வைத்து உருட்டி, வேகவைத்து, தேங்காய்ப் பூவில் புரட்டி ஓண்டே-ஓண்டே செய்கிறார்கள். சீனர்கள் டிசம்பர் மாதக் குளிர்காலத் திருநாளில் குடும்பமாகக் கூடி மாவை உருட்டித் தாங் யுவான் செய்கிறார்கள். பெயர் வேறு, சுவை வேறு. மாவைச் சுற்றிக் குடும்பம் அமர்வது மட்டும் ஒன்றுதான்.

நேயர்களே, நம் பாட்டிமார் பலரின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டதால் எத்தனையோ குடும்பங்கள் லயங்களை விட்டுப் பட்டணம் போய்விட்டன. இனி கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு தலைமுறை சும்மா இருந்துவிட்டால், மதுரைத் தெருவிலிருந்து வந்த பழக்கம் நம் வீட்டோடு நின்றுவிடும். ஆகவே, அடுத்த முறை மாவு பிசையும்போது பெண் பிள்ளைகளை மட்டுமல்ல, ஆண் பிள்ளைகளையும் அருகில் உட்கார வையுங்கள். கொழுக்கட்டை கோணலாக வந்தாலும் பரவாயில்லை. அந்தச் சின்ன விரல்களின் தடம் அதில் பதியட்டும்.