வாத்தியார் பெயர் எந்தக் கட்டில்?

"கட்டிக் குடுத்தது யாருன்னு கேளு தம்பி, சொல்றேன். தொடங்கின வாத்தியாரைக் கேட்டா நான் எங்க போவேன்?" என்றார் நாச்சியாபுரத்து ஆச்சி ஒருவர். செட்டிநாட்டின் பல ஊர்களில் இதே பதில்தான். கட்டடம் கொடுத்தவர் பெயர் கல்வெட்டில் நிற்கும். அதற்கு முன்பே யாரோ ஒருவர் திண்ணையில் பிள்ளைகளைச் சேர்த்திருப்பார். அந்த யாரோவைத்தான் தேடுகிறேன்.

முதலில் பார்த்தது 1822ஆம் ஆண்டுக் கணக்கு. சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ அந்த ஆண்டு மாகாணம் முழுக்கப் பள்ளிகளை எண்ணச் சொன்னார். கலெக்டர்களின் பதில்களை ஆய்வாளர் தரம்பால் 1983இல் நூலாகத் தொகுத்துவிட்டதால் எழும்பூர் ஆவணக் காப்பகத்துத் தூசி கொஞ்சம் மிச்சம். சிவகங்கை ஜமீன் அப்போது மதுரைக் கலெக்டர் ரவுஸ் பீட்டரின் எல்லைக்குள் இருந்தது; மீனாட்சிக்குப் பாதுகம் செய்து கொடுத்தவர் என்று மதுரைக்காரர்கள் சொல்லும் அதே பீட்டர். அவர் கணக்கில் 844 பள்ளிகள், 13,781 பிள்ளைகள். பெண் பிள்ளைகள் 105 பேர்தான். பிராமணர், வைசியர், சூத்திரர், முஸ்லிம் என்று பிள்ளைகளுக்குத் தனித்தனிப் பத்தி உண்டு; வாத்தியாருக்கு ஒரு பத்தியும் இல்லை. ஆனால் ஒரு தடயம் கிடைத்தது. ஏழை வீட்டார் பிள்ளைக்கு அரைப் பணமோ ஒரு பணமோ தந்தார்கள், வசதியானவர்கள் கூடக் கொடுத்தார்கள். ஆக, பள்ளியைத் தொடங்கியவரும் நடத்தியவரும் சம்பளம் வசூலித்தவரும் பெரும்பாலும் ஒரே ஆளாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

சர்க்கார் பணம் கைமாறினால் வாங்கியவர் பெயர் எழுதித்தானே ஆக வேண்டும்? 1854இல் சார்லஸ் உட்டின் கல்வி அறிக்கை தனியார் பள்ளிகளுக்கு நிதியுதவிக்கு வழிவிட்டது. பிறகு வந்தது தேர்ச்சிக்கேற்ற மானியம். இன்ஸ்பெக்டர் வந்து ஒவ்வொரு பிள்ளையையும் வாசிக்கவும் எழுதவும் கணக்குப் போடவும் சொல்வார். தேறியவர்களைப் பொறுத்து வாத்தியாருக்குக் காசு. இந்த விதிகளைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. 1991இல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலம், அரசு நிதியில் தன்னிச்சையாக இயங்கும் 'சார்ட்டர்' பள்ளிகளுக்காக இயற்றிய சட்டத்தின் பேரமும் ஏறக்குறைய இதுதான்: உன் போக்கில் நடத்து, விளைவைக் காட்டு. 1994இல் ஹூஸ்டனில் மைக் ஃபைன்பெர்க், டேவ் லெவின் என்ற இரண்டு இளம் ஆசிரியர்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு தொடங்கிய 'கிப்', கொடையாளர்கள் கைகொடுக்க நாடு தழுவிய சார்ட்டர் பள்ளித் தொடராக வளர்ந்தது. நம் வாத்தியாருக்கு வாய்த்தது ஒரு திண்ணைதான். கிளை என்றால் அது அவர் மகன்.

அந்த மகன் எனக்குத் தடயமாவது பின்னால்தான்; அதற்கு முன் மானியக் கோப்பு. ஆசிரியரே நிர்வாகியாக இருந்த தொடக்கப் பள்ளிகள் சென்னை மாகாணத்தில் ஏராளம். கல்வித் துறையின் ஆண்டறிக்கைகளில் எண்ணிக்கை கிடைக்கும், பெயர் கிடைக்காது. பெயர் இருக்க வேண்டியது மானியக் கோப்பில். அலுவலகக் கோப்பின் ஆயுளோ அதன் முத்திரையில் இருக்கிறது: 'டி.டிஸ்' என்றால் பத்தாண்டு, 'எல்.டிஸ்' என்றால் ஓராண்டு. போதாக்குறைக்கு, 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் பிறந்தது, 1985இல் சிவகங்கை பிரிந்தது. எந்தக் கட்டு எந்த ஊர் அலமாரிக்குப் போனது என்று பார்ப்பதே தனி வேலை.

இங்கேதான் அந்த மகன் வருகிறார். சொத்துப் பத்திரத்தை அப்படி எளிதில் அழித்துவிட மாட்டார்கள். தகப்பனார் நடத்திய பள்ளியின் நிர்வாகம் யாருக்கு என்று வாரிசுகள் மல்லுக்கு நின்று கோர்ட்டுக்குப் போன வழக்குகள் தமிழ்நாட்டில் குறைவில்லை. பங்காளிச் சண்டை வந்த வீட்டில் பாட்டன் பெயர் பத்திரத்தில் ஏறியிருக்கும். அதனால் கல்வி அலுவலகத்தை இப்போதைக்கு விட்டுவிட்டேன். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டு, பழைய பாகப்பிரிவினைப் பத்திரங்களில் பள்ளிக்கூட மனை ஏதாவது வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.