இரும்பைத் தள்ளிவிடும் கருவி எதையெல்லாம் தள்ளிவிடும்?

2000ஆம் ஆண்டு ஆனையிறவுச் சண்டைக்குப் பின் எழுதுமட்டுவாளை விட்டு ஓடும்போது, அம்மம்மா நகைப்பொதியை வளவுக்குள் புதைத்தார். கனடாவிலிருந்து வந்த மாமா இம்முறை உலோகம் கண்டறியும் கருவியொன்றும் கொண்டுவந்தார். "இதில டிஸ்கிரிமினேஷன் இருக்குப் பிள்ளை. இரும்பைத் தள்ளிவிட்டுத் தங்கத்துக்கு மட்டும் சத்தம் போடும்" என்றார். மிதிவெடி அகற்றுபவர்களிடம் செய்தி சேகரித்தவள் என்பதால் எனக்குப் பயம் பிடித்தது.

கருவியின் சுருள் நிலத்துக்குள் காந்தப்புலத்தை அனுப்புகிறது. உலோகத்தில் மின்னோட்டம் எழுந்து, சற்றுப் பிந்திய சமிக்ஞை திரும்புகிறது. அந்தப் பிந்துதலின் அளவை வைத்தே கருவி உலோகத்தின் வகையை ஊகிக்கிறது.

ஆழம் கூடினால் சமிக்ஞை வேகமாகத் தேய்கிறது. சுருளிலிருந்து விலகிய சிறு பொருளின் தூரம் இரட்டித்தால், சமிக்ஞை ஏறத்தாழ 64 மடங்கு குறையும். இரும்புச்சத்துள்ள செம்மண்ணின் சமிக்ஞையும் அதில் கலக்கும். அப்போது கருவி ஆழத்திலுள்ள தங்கத்தையும் இரும்பென எண்ணி மௌனமாகிவிடலாம். தள்ளும் அளவைக் கூட்டக் கூட, உண்மையில் எட்டும் ஆழம் குறையும். மெல்லிய சங்கிலி, சிறு தோடு போன்றவை முதலில் தவறிப்போகும்.

நகை தவறினால் நட்டம் மட்டுமே. ஆனால் கிளாலி, முகமாலை, நாகர்கோவில் வரிசை பல வருடங்கள் போர் முன்னரங்காக இருந்த நிலம். பிளாஸ்டிக் மிதிவெடியில் ஊசி, சுருள்வில் போன்ற சிறு உலோகத் துண்டுகளே இருக்கும். இரும்பைத் தள்ளச் சொன்ன கருவி அவற்றையும் தள்ளிவிடும். கருவி சத்தம் போடாத இடத்தில் நம்பிக் கால் வைப்போம்.

அதனால்தான் மிதிவெடி அகற்றுபவர்கள் இந்த வசதியை நம்புவதில்லை. மண்ணின் குழப்பத்தைச் சமப்படுத்துவார்கள்; அது வேறு. வேலைக்கு முன் மாதிரித் துண்டில் கருவியைச் சோதிப்பார்கள். பிறகு ஆணியோ, செல் துண்டோ, ஒவ்வொரு சத்தத்தையும் மிதிவெடியென்றே எண்ணிப் பக்கவாட்டில் மெல்லத் தோண்டுவார்கள். 2002 முதல் வடக்கில் பணியாற்றும் ஹலோ டிரஸ்டின் பணியாளர்கள் மண்டியிட்டு அங்குலம் அங்குலமாக நகர்வதும் இதனால்தான்.

விடுவிக்கப்படாத, சந்தேகமுள்ள காணியில் எந்த அமைப்பில் வைத்தும் நீங்களாகத் தேடாதீர்கள். கிராம அலுவலரிடம் விசாரியுங்கள். சந்தேகப் பொருளைக் கண்டால் தொடாமல், வந்த தடத்திலேயே திரும்பி, 119க்கு அறிவியுங்கள்.

மாமா கருவியைப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். நகை இன்னும் அங்கேதான் கிடக்கிறது. மாமா முழுக்காலோடு கனடா திரும்பினார்.