சீசன் கூட்டத்துக்கும் சேர்த்து மாத்திரை இருக்கா? தென்காசி கிராம மருத்துவத்துக்குப் பணம் வரும் வழி இதுதான்!

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் ஜூன் முதல் செப்டம்பர் வரை கூட்டம் குறையாது. கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் வருவார்கள். பாறையில் வழுக்கி விழுந்தவரோ, காய்ச்சல் வந்த குழந்தையோ, எந்த ஊராக இருந்தாலும் அரசு மருத்துவமனையில் சிகிச்சை உண்டு. அந்தச் செலவுக்குப் பணம் எங்கிருந்து வருது? வாங்க, பார்க்கலாம்.

எந்த மருத்துவமனை யார் கையில்?

எல்லாமே மக்கள் நல்வாழ்வுத் துறைதான். ஆனால் நிர்வாகம் மூன்றாகப் பிரியும். துணை சுகாதார நிலையங்களும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் பொது சுகாதார இயக்குநரகத்தின் கீழ் வரும். தென்காசி, செங்கோட்டை, சங்கரன்கோவில் போன்ற ஊர்களில் உள்ள அரசு மருத்துவமனைகள் ஊரக நலப்பணிகள் இயக்குநரகத்தின் கீழ் வரும். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்குத் தனி இயக்குநரகம் இருக்கிறது. 2019 நவம்பர் 22-ல் உதயமான தென்காசி மாவட்டத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இல்லை. பெரிய சிகிச்சை என்றால் திருநெல்வேலிக்குத்தான் போகணும்.

பணம் எந்தெந்த வழியில் வருது?

முதல் வழி, மாநில பட்ஜெட். நிரந்தர டாக்டர், நர்ஸ் சம்பளம் பெரும்பாலும் இதில்தான் வரும்.

இரண்டாவது, 2005-ல் ஊரக இயக்கமாகத் தொடங்கி விரிவடைந்த தேசிய சுகாதார இயக்கம். இதில் மத்திய அரசின் பங்கு 60 சதவீதம், தமிழக அரசின் பங்கு 40 சதவீதம். பணம் மாநில அரசு வழியாக, ஆட்சியர் தலைமையிலான மாவட்ட நலவாழ்வுச் சங்கத்துக்கு வரும். ஒப்பந்தப் பணியாளர் வேலை அறிவிப்புகளில் இந்தப் பெயரைப் பார்த்திருப்பீங்க. பணம் தாமதமானால் முதலில் அடிபடுவது அவர்களின் சம்பளம்தான்.

மூன்றாவது, 15-வது நிதி ஆணையத்தின் மானியம். 2021 முதல் 2026 வரை உள்ளாட்சிகள் வழியாகச் சுகாதாரத்துக்கு என நாடு முழுமைக்கும் 70,051 கோடி ரூபாய் பரிந்துரைக்கப்பட்டது. சொந்தக் கட்டடம் இல்லாத துணை சுகாதார நிலையங்களுக்குக் கட்டடம் கட்டுவதும் இதில் அடங்கும்.

மாத்திரை எப்படி வருது?

1994-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக வாங்கும். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் இவ்வளவு ரூபாய்க்கு மருந்து என்று ஒதுக்கீடு உண்டு. கிடங்கில் எடுக்கும் மருந்தின் மதிப்பு பாஸ்புக்கில் கழியும். நம்ம பேங்க் பாஸ்புக் மாதிரிதான்.

அப்புறம் என்ன சிக்கல்?

சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், மலைப்பகுதியில் 20,000 பேருக்கு ஒன்று என்பது விதி. இதில் எண்ணப்படுவது அங்கே குடியிருப்பவர்கள் மட்டுமே. அருவிக்கு வருபவர்கள் இந்தக் கணக்கில் கிடையாது. சீசனில் அருவிப் பகுதியில் மருத்துவ முகாம் போடுவதும், 108 ஆம்புலன்ஸ் நிறுத்துவதும் கூட்டத்தைச் சமாளிக்கத்தான். ஆனால் முகாமுக்கு டாக்டரும் நர்ஸும் பக்கத்து நிலையங்களிலிருந்து போனால், அங்கே அன்றைக்கு ஆள் குறையும். சர்க்கரை, பிரஷர் மாத்திரை வாங்க வரும் உள்ளூர் முதியவர் கூடுதல் நேரம் காத்திருக்கணும்.

இதற்குக் கைகொடுப்பது நோயாளிகள் நலச் சங்கத்திடம் உள்ள கட்டுப்பாடற்ற நிதி. தேசிய சுகாதார இயக்க விதிப்படி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஆண்டுக்கு 1.75 லட்சம் ரூபாய் வரை இது கிடைக்கும். மாதத்துக்குப் பிரித்தால் 15,000 ரூபாய்கூட வராது. குழாய் ரிப்பேர், அவசரப் பொருட்கள் எல்லாம் இதற்குள்தான்.

மக்கள் என்ன செய்யலாம்?

* ஓ.பி. சீட்டுப் போடாமல் மாத்திரை வாங்காதீங்க. பதிவேட்டில் ஏறாத நோயாளி, தேவையைக் காட்டும் கணக்கிலும் ஏற மாட்டார்.
* கிராம சபையில் உங்கள் சுகாதார நிலையத்தின் வரவு செலவைக் கேளுங்க. குற்றாலம் பேரூராட்சி என்பதால் அங்கே கிராம சபை கிடையாது; வார்டு கவுன்சிலரிடம் கேட்கலாம்.
* மாவட்டத்தின் தேவைகள் திட்ட அறிக்கையாக முன்கூட்டியே மாநிலத்துக்குப் போகும். சீசனுக்குக் கூடுதல் ஆள், மருந்து வேண்டும் என்ற மனுவை அதற்கு முன்பே ஆட்சியரிடம் கொடுக்கணும். அருவியில் தண்ணீர் கொட்டத் தொடங்கிய பிறகு கேட்டால், அது அடுத்த ஆண்டுக்கான கோரிக்கையாகத்தான் இருக்கும்.