செகண்ட் லைஃபில் அறை அமைத்தல்

செகண்ட் லைஃபில் அறை அமைத்தல் என்பது, செகண்ட் லைஃப் என்னும் முப்பரிமாண மெய்நிகர் உலகில் பயனர்கள் சுவர், தளம், கதவு, அறைகலன் முதலியவற்றைத் தாமே உருவாக்கி ஓர் இருப்பிடத்தை அமைத்துக் கொள்வதைக் குறிக்கும். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த லிண்டன் லேப் நிறுவனம் இவ்வுலகை ஜூன் 23, 2003 அன்று பொதுமக்களுக்குத் திறந்தது. அந்நிறுவனத்தை 1999 இல் தொடங்கியவர் பிலிப் ரோஸ்டேல் ஆவார். பெரும்பாலான கணினி விளையாட்டுகளில் வீடுகளையும் வீதிகளையும் நிறுவனத்தின் ஓவியர்களே வரைந்து தருவர். செகண்ட் லைஃபில் நிறுவனம் வழங்கியது பெரும்பாலும் நிலம், நீர், வானம் ஆகியவற்றையும் கட்டுமானக் கருவிகளையும் மட்டுமே. நிலத்தின் மேல் காணப்படுபவற்றில் மிகப் பெரும் பகுதி பயனர்கள் கட்டியதாகும்.

முன்னோடிகள்

மெய்நிகர் உலகில் தனக்கென ஓர் அறை வைத்துக் கொள்ளும் வழக்கம் செகண்ட் லைஃபுக்கு முந்தியது. லூகாஸ்ஃபிலிம் நிறுவனம் 1986 இல் கமடோர் 64 கணினிக்காக உருவாக்கிய ஹாபிடாட் என்னும் உலகில் ஒவ்வொரு பயனருக்கும் ஒரு வீடு உண்டு. பயனரின் உருவத்தைக் குறிக்க அவதாரம் என்னும் வடமொழிச் சொல் அவ்வுலகில்தான் முதன்முதலில் பரவலாகக் கையாளப்பட்டது.

ஜெராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடத்தில் பாவெல் கர்ட்டிஸ் 1990 இல் தொடங்கிய லாம்டாமூ முற்றிலும் எழுத்தால் ஆன உலகம். அங்கு அறை தோண்டுவதற்கு ஒரு கட்டளையும், அதை விவரிப்பதற்கு ஒரு கட்டளையும் போதும். சுவரின் நிறம், சன்னலின் ஒளி யாவும் சொற்களாகவே இருக்கும். ஆயினும் தரவுத்தளத்தின் இடம் வரம்புடையதாகையால் ஒருவர் எவ்வளவு கட்டலாம் என்பதற்கு அங்கும் ஒதுக்கீடு தேவைப்பட்டது. ஒதுக்கீட்டை முடிவு செய்யப் பயனர்களைக் கொண்ட ஒரு குழுவும் இருந்தது. கட்டுமானத்துக்கு எல்லை வகுப்பது யார் என்னும் இச்சிக்கல் பின்னர் செகண்ட் லைஃபிலும் எழுந்தது.

பிரிம்

செகண்ட் லைஃப் கட்டுமானத்தின் அடிப்படை அலகு பிரிம் எனப்படும். கனசெவ்வகம், உருளை, பட்டகம், கோளம், வளையம் போன்ற எளிய வடிவங்களே பிரிம்கள். நிலத்தின் மீது சொடுக்கினால் அரை மீட்டர் அளவுள்ள ஒட்டுப்பலகை நிறக் கனசதுரம் ஒன்று தோன்றும். அதை நீட்டலாம், சுழற்றலாம், குடையலாம், முறுக்கலாம், ஒரு புறம் ஒடுக்கலாம், ஒரு பகுதியை அரிந்து நீக்கலாம். தொடக்க காலத்தில் ஒரு பிரிமின் பக்கம் 1 சென்டிமீட்டருக்குக் குறையவோ 10 மீட்டரை மிஞ்சவோ இயலாது. 2006 இல் வழுவொன்றைப் பயன்படுத்தி 10 மீட்டருக்கு மேற்பட்ட பிரிம்கள் சில உருவாக்கப்பட்டன. அவை படியெடுக்கப்பட்டுப் பல ஆண்டுகள் கைமாறி வந்தன. பிற்காலத்தில் இவ்வெல்லை 64 மீட்டராக உயர்த்தப்பட்டது.

பிரிம்கள் பலவற்றை இணைத்து ஒரே பொருளாக்கலாம். இறுதியில் தேர்ந்தெடுக்கப்படும் பிரிம் அப்பொருளின் வேராகக் கொள்ளப்படும். பின்னர் ஒவ்வொரு முகப்பிலும் மரம், செங்கல், துணி போன்றவற்றின் படம் ஒட்டப்படும். பயனர் தம் கணினியிலுள்ள படத்தைப் பதிவேற்றுவதற்கு நெடுங்காலம் 10 லிண்டன் டாலர் கட்டணம் பெறப்பட்டது. 2000களின் பிற்பகுதியில் ஓர் அமெரிக்க டாலருக்கு ஏறத்தாழ 250 முதல் 270 வரையிலான லிண்டன் டாலர்கள் கிடைத்தன. ஆகவே இக்கட்டணம் மிகச் சிறியதே.

அறையின் அளவு

புதிதாகக் கட்டுவோர் பெரும்பாலும் செய்யும் தவறு, மெய்யுலக அளவுகளை அப்படியே பின்பற்றுவதாகும். மூன்று மீட்டர் உயரமும் நான்கு மீட்டர் அகலமும் கொண்ட அறை நம் வீட்டில் போதுமானது. செகண்ட் லைஃபில் அதே அறை பெட்டிக்குள் அடைத்தது போன்று தோன்றும். இதற்குக் காரணம் பார்வைக் கோணம். பயனர் தம் அவதாரத்தின் கண்களால் உலகைக் காண்பதில்லை; அவதாரத்தின் பின்னே சற்று மேலே மிதக்கும் ஒளிப்படக் கருவியின் வழியே காண்கிறார். கூரை தாழ்ந்திருந்தால் கருவி கூரைக்கு மேலே சென்றுவிடும். சுவர் நெருங்கியிருந்தால் சுவருக்கு வெளியே போய்விடும். மேலும் அவதாரங்கள் பலவும் இரண்டு மீட்டருக்கு மேல் உயரமுடையவை. ஆதலால் தேர்ந்தவர்கள் கூரையை நான்கு அல்லது ஐந்து மீட்டர் உயரத்தில் வைப்பர், வாயில்களை அகலமாக விடுவர், அறைகலன்களையும் அதற்கேற்பப் பெரிதாக்குவர். மாடிப்படிகளும் இவ்வாறே. படிகளில் அவதாரம் தடுக்கி நிற்பதைத் தவிர்க்க, அவற்றின் மேல் கண்ணுக்குத் தெரியாத சாய்தளம் ஒன்றைப் பொருத்துவது வழக்கம்.

சிக்கனம்

ஒரு வட்டாரம் 256 மீட்டர் நீளமும் 256 மீட்டர் அகலமும் உடையது. பரப்பு 65,536 சதுர மீட்டர். முழு வட்டாரம் ஒன்று நெடுங்காலம் 15,000 பிரிம்களைத் தாங்கியது. இதன்படி, கட்டண உறுப்பினர் அக்காலத்தில் கூடுதல் நிலவரியின்றி வைத்துக்கொள்ள முடிந்த 512 சதுர மீட்டர் மனைக்குக் கிடைத்தவை 117 பிரிம்களே. நான்கு கால்களும் ஒரு பலகையும் கொண்ட மேசைக்கு 5 பிரிம் தேவை. எட்டு பிரிம் கொண்ட நாற்காலிகள் ஆறு போட்டால் 48 பிரிம்கள் போய்விடும். மிஞ்சிய 64 பிரிம்களில் வீடு, கட்டில், விளக்கு, தோட்டம் அனைத்தையும் முடித்தாக வேண்டும்.

இந்நெருக்கடியே கட்டுமானக் கலையின் நுட்பங்களை வளர்த்தது எனலாம். நான்கு சுவருக்கு நான்கு பிரிம் செலவிடாமல், 10 மீட்டர் அகலமுள்ள ஒரே கனசெவ்வகத்தை 95 விழுக்காடு குடைந்தால் 25 சென்டிமீட்டர் தடிப்புள்ள நான்கு சுவர்களும் ஒரே பிரிமில் கிடைத்துவிடும். அதில் ஒரு பகுதியை அரிந்தால் திறந்த முகப்பு கிட்டும். மேசையின் கால்களைத் தனித்தனியே செய்யாமல், ஒரு பெட்டியின் பக்கங்களில் கால்கள் மட்டும் தெரியுமாறும் ஏனைய பகுதி ஒளி ஊடுருவுமாறும் அமைந்த படத்தை ஒட்டுவது மற்றொரு முறை. சன்னல் திரையின் மடிப்புகள், நாற்காலியின் நிழல், தரைவிரிப்பின் பூவேலை யாவும் படத்திலேயே வரையப்பட்டன. அக்காலத்து அறைகலன் விற்பனையாளர்கள் தம் பொருளின் விலைக்கு அருகே அதன் பிரிம் எண்ணிக்கையையும் தவறாமல் குறித்தனர். வாங்குவோர் பலரும் விலையை விட எண்ணிக்கையையே முதலில் பார்த்தனர்.

கதவும் நாற்காலியும்

பிரிம் எப்போதும் தன் நடுப்புள்ளியைச் சுற்றியே சுழலும். எனவே சாதாரணக் கனசெவ்வகம் ஒன்றைக் கதவாக வைத்துச் சுழற்றினால் அது சுழல்கதவு போல நடுவில் திரும்புமேயன்றி, கீலில் ஆடும் கதவு போலத் திறவாது. இதற்குக் கண்டறியப்பட்ட தீர்வு எளிமையானது. கதவை இரு மடங்கு அகலத்தில் செய்து அதன் பாதியை அரிந்து நீக்குவர். கணினியைப் பொறுத்தவரை நடுப்புள்ளி மாறுவதில்லை. கண்ணுக்குத் தெரியும் மீதிப் பாதிக்கோ அது விளிம்பாகிவிடுகிறது. தொட்டால் 90 பாகை சுழன்று, சில நொடிகளில் தானே மூடிக் கொள்ளும்படி ஒரு சிறு நிரலை அதனுள் இட்டால் கதவு ஆயத்தமாகும். இத்தகைய நிரல்கள் லிண்டன் நிரல்மொழியில் எழுதப்படுகின்றன. தொடுதல், நேரம், அமர்தல் போன்ற நிகழ்வுகளுக்குப் பொருள் எவ்வாறு மறுமொழி தரவேண்டும் என்பதை அம்மொழி வகுக்கிறது.

எந்தப் பிரிமின் மீதும் அவதாரம் அமரலாம். ஆனால் நிரலின்றி அமர்ந்தால் கால்கள் பலகைக்குள் புதைவதும் முகம் சுவரை நோக்குவதும் உண்டு. எனவே நாற்காலி செய்வோர் அமரும் இடத்தையும் திசையையும் நிரலில் குறித்து, உடல் நிலைக்கான அசைவூட்டம் ஒன்றையும் இணைப்பர். விளக்குகளிலும் ஒரு வரம்பு இருந்தது. பழைய வரைகலை முறையில் சூரியனும் சந்திரனும் நீங்கலாக அருகிலுள்ள ஆறு விளக்குகளின் ஒளி மட்டுமே திரையில் கணக்கிடப்பட்டது. அடுத்த அறையில் ஒருவர் சரவிளக்கு மாட்டினால் இந்த அறையின் மேசைவிளக்கு ஒளியிழக்கக்கூடும்.

வரி எதிர்ப்பு

தொடக்கத்தில் பயனர்கள் தாம் வைத்திருந்த பொருள்களுக்கு லிண்டன் டாலரில் வாரந்தோறும் வரி செலுத்த வேண்டியிருந்தது. மிகுதியாகவும் பெரிதாகவும் கட்டியவர்களுக்கே சுமை கூடியது. 2003 ஜூலையில் அமெரிக்கானா என்னும் கட்டுமானக் குழுவினர் இதற்கு எதிர்ப்புத் தெரிவித்தனர். 1773 ஆம் ஆண்டின் பாஸ்டன் தேநீர்க் கிளர்ச்சியை நினைவூட்டும் வகையில் தேயிலைப் பெட்டிகளைக் கட்டி நிலமெங்கும் குவித்தனர். அப்பெட்டிகளும் பிரிம்களே. அதே ஆண்டு நவம்பரில், பயனர்கள் தம் படைப்புகளின் அறிவுசார் சொத்துரிமையைத் தாமே வைத்துக் கொள்ளலாம் என லிண்டன் லேப் அறிவித்தது. டிசம்பரில் வெளியான 1.2 பதிப்பில் பொருள் வரி நீக்கப்பட்டு, நிலத்தின் பரப்புக்கேற்ற கட்டணம் நடைமுறைக்கு வந்தது.

உரிமையும் படியெடுப்பும்

செய்தவர் தம் பொருளை மற்றொருவருக்கு அளிக்கும்போது, அவர் அதை மாற்றலாமா, படியெடுக்கலாமா, பிறருக்குக் கைமாற்றலாமா என்னும் மூன்று இசைவுகளைத் தனித்தனியே வரையறுக்கலாம். படியெடுக்க இசைவிருந்தால் கைமாற்ற இசைவில்லை என்பதே அறைகலன் விற்பனையில் பெருவழக்கு.

2006 நவம்பரில் காப்பிபாட் என்னும் மென்பொருள் பரவியபோது இவ்வேற்பாடு ஆட்டங் கண்டது. திரையில் காட்டுவதற்காகப் பயனரின் கணினிக்கு அனுப்பப்படும் வடிவத் தரவைக் கொண்டே அது பொருளை மறுபடி உருவாக்கியது. கடைக்காரர்கள் பலர் கடைகளை அடைத்து எதிர்ப்புத் தெரிவித்தனர். லிண்டன் லேப் அதன் முறையற்ற பயன்பாட்டை விதிமீறலாக அறிவித்தது. எனினும், காட்டப்படும் எதையும் முழுமையாகப் பூட்டி வைக்க இயலாது என்பதில் தொழில்நுட்ப அறிஞரிடையே கருத்து வேறுபாடு இல்லை. 2007 இல் ஃபுளோரிடாவைச் சேர்ந்த நிறுவனம் ஒன்று, தான் விற்ற மெய்நிகர்க் கட்டிலைப் படியெடுத்து விற்றவர் மீது அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. இல்லாத கட்டிலுக்கு ஏது வழக்கு என்று நகைத்தோரும் உண்டு. ஆனால் அதன் விற்பனை வருவாய் மெய்யான பணமாகவே இருந்தது.

பிரிமிலிருந்து வலைச்சட்டத்துக்கு

2007 இல் சிற்பப் பிரிம்கள் அறிமுகமாயின. இவற்றில் ஒரு படத்தின் சிவப்பு, பச்சை, நீல அளவுகள் முப்பரிமாணப் புள்ளிகளின் இருப்பிடத்தைக் குறிக்கின்றன. மெத்தை, தலையணை போன்ற வளைவான பொருள்களை ஒரே பிரிமில் செய்ய இது வழிவகுத்தது. 2011 ஆகஸ்டில் வலைச்சட்ட உருக்களைப் பதிவேற்றும் வசதி வந்தது. பிளெண்டர் போன்ற வெளி மென்பொருளில் செய்த நாற்காலியை அப்படியே உள்ளே கொணரலாயிற்று. பிரிம் எண்ணிக்கைக்குப் பதிலாக நிலச்சுமை என்னும் அளவீடும் அதனுடன் வந்தது. 2016 முதல் வட்டாரங்களின் கொள்ளளவு உயர்த்தப்பட்டுப் பழைய நெருக்கடி தளர்ந்தது.

இம்மாற்றத்தால் அறைகள் மிக அழகாயின என்பதில் ஐயமில்லை. அதே வேளையில், பலர் ஒரே இடத்தில் நின்று ஒருவர் சுவரை எழுப்ப மற்றவர் படிகளை வைக்கும் பழைய வழக்கம் அருகியது. பொதுப் பயிற்சி நிலங்களான மணல்தொட்டிகளில் அருகில் கட்டுபவரைப் பார்த்துக் கற்றுக் கொள்வது முன்பு இயல்பாக இருந்தது. வலைச்சட்டம் செய்பவர் தம் கணினியில் தனியே அமர்ந்து செய்கிறார்.

அறை மறைதல்

செகண்ட் லைஃபில் நிலம் என்பது நிறுவனத்தின் வழங்கிகளில் உள்ள இடம். கட்டணம் நின்றால் மனை திரும்பப் பெறப்படும். அதிலிருந்த பொருள்கள் அழிவதில்லை; உரிமையாளரின் இருப்பிலுள்ள தொலைந்து கிடைத்தவை என்னும் கோப்புறைக்குச் செல்லும். ஆனால் ஒவ்வொரு பொருளும் அதன் உரிமையாளருக்கே திரும்பும். நண்பர்கள் ஐவர் சேர்ந்து அமைத்த அறை, ஐவரின் கோப்புறைகளில் ஐந்து பொதிகளாகச் சிதறும்.

கல்வி நிறுவனங்களுக்கு அளிக்கப்பட்ட பாதிக் கட்டணச் சலுகையை நிறுத்தப் போவதாக 2010 அக்டோபரில் லிண்டன் லேப் அறிவித்தது. அதன் பின் பல்கலைக்கழகங்கள் பல வெளியேறின. வகுப்பறைகளும் கண்காட்சிக் கூடங்களும் மறைந்தன. சலுகை 2013 இல் மீண்டும் தரப்பட்டது. வெளியேறியவர்களுள் ஒரு பகுதியினர் 2007 இல் தொடங்கப்பட்ட திறமூல வழங்கியான ஓப்பன்சிமுலேட்டருக்கு மாறினர். அங்கு அறையைத் தம் சொந்தக் கணினியிலேயே வைத்துக் கொள்ளலாம். ஆனால் செகண்ட் லைஃபிலிருந்து அதை எடுத்துச் செல்வதில் ஒரு தடை உண்டு. பிற நிறுவன உலாவி மென்பொருள்களுக்கான 2010 ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒருவர் தாமே படைத்த பொருளை மட்டுமே வெளியே சேமிக்கலாம். கடையில் வாங்கிய நாற்காலி அங்கேயே தங்கிவிடும். தாமே எழுப்பிய சுவர் மட்டும் உடன் வரும்.