மான் வயிறும் நம்ம சோளமும்

மான் வெள்ளாமையை அழிக்குதுன்னு எல்லாரும் பேசுறோம். வெள்ளாமை மானை என்ன செய்யுதுன்னு யாரும் பேசுறதில்லை.

இது பழைய கதை. சங்க காலத்துலேயே குறிஞ்சி நிலத்துல பரண் போட்டுத் தினைப்புனம் காத்திருக்காங்க. அப்போ மலை முழுக்கக் காடு, நடுவில் ஒரு துண்டுதான் புனம். 19-ஆம் நூற்றாண்டில் மேலே ஏலத்தோட்டம் பரவியது. ஏலத்துக்கு நிழல் வேணும். அதனால் மரத்தை விட்டுட்டு, அடியில் இருந்த செடிகொடியை வெட்டினாங்க. கடமானுக்கு மேய்ச்சலே அதுதான். 1928-ல் போடிக்கு ரயிலும் வந்தது. கீழே எங்க ராசிங்காபுரம் பக்கம் மானாவாரிச் சோளமும் மொச்சையும் மலையடி வரை ஏறிடுச்சு.

மாடு மாதிரி மானும் அசைபோடுற இனம். அதோட இரைப்பையில் இருக்கிற நுண்ணுயிர்கள் இலைதழைக்குப் பழகினது. திடீர்னு தானியத்தை நிறையத் தின்னா வயிறு புளிச்சு, அசை நின்னு, சாகவும் செய்யும். மழையில்லாம வாடின இளஞ்சோளத்துல சயனைடு விஷம் ஏறும்னு மாடு வளர்க்கிறவங்களுக்குத் தெரியும். மானுக்கு யார் சொல்றது? மெல்லப் பழகின மான் ஊரை ஒட்டியே நிற்கும். நாய் விரட்டும், சுவரில்லாத கிணத்துல விழும்.

1972-ல் வந்த வனவிலங்குச் சட்டம் வேட்டையைத் தடுத்தது, நல்லதுதான். பசிக்கு என்ன சட்டம் போட? நான் ஓடை ஓரத்துப் புதரை வெட்டாம விட்டிருக்கேன். சோளத்துக்கு வர்றதுக்கு முன்னாடி அங்கே கொஞ்சம் மேயட்டும்.